ஆயுதம் இல்லாமல் எதிர்த்து நிற்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

அகிம்சையைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கோபமாக எழுதியவர்களின் கேள்விகளையும் விடவில்லை.

கேள்வி: ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் திருட்டு நடந்ததிலிருந்து துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போடலாமா என்று யோசிக்கிறேன். அகிம்சை பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்? (உடுமலை வாசகர்)

பதில்: இந்த யோசனை, அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்காக அகிம்சை வழியில் போராடிய மார்ட்டின் லூதர் கிங்குக்கும் வந்தது. 1956 ஜனவரி 30 இரவு, அலபாமா மாநிலம் மான்ட்கமரியில் அவர் வீட்டு முன்வாசலில் குண்டு வெடித்தது. அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டுக்குள் மனைவியும் பிறந்து சில வாரமே ஆன குழந்தையும் இருந்தார்கள். நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. பஸ்ஸில் கறுப்பர்களைப் பின்னால் ஒதுக்குவதை எதிர்த்து, அந்த ஊர்க் கறுப்பர்கள் பஸ் ஏறாமல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. குண்டு வெடித்த பிறகு கிங், கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் கேட்டார், கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் துப்பாக்கி இருந்தது. காந்திய முறைகளை நன்கு அறிந்த பேயார்ட் ரஸ்டின் அங்கே போனபோது, உடன் வந்தவர் உட்காரப்போன நாற்காலியிலேயே ஒன்று கிடந்தது. ரஸ்டின் கத்தித் தடுத்தார்.

கொஞ்ச நாளில் கிங் துப்பாக்கியை வீட்டைவிட்டு அனுப்பினார். அதற்குப் பதிலாக மூன்று ஏற்பாடுகள் செய்தார். வீட்டைச் சுற்றிப் பெரிய விளக்குகள், இரவும் பகலும் ஆயுதமில்லாத காவலாட்கள், ஊருக்குள் தனியாகப் போவதில்லை என்று நண்பர்களுக்குக் கொடுத்த வாக்கு. துப்பாக்கி வீட்டில் இருந்தபோதுதான் தனக்குப் பயம் அதிகமாக இருந்தது என்று பிறகு எழுதினார்.

உங்கள் தோட்டத்துக்கும் இதே கணக்குதான். துப்பாக்கி அவசரத்துக்கு உதவ வேண்டுமானால் குண்டு போட்டு, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் பிள்ளைகளுக்கும் எட்டும், குடித்துவிட்டு வருகிற உறவுக்காரருக்கும் எட்டும். பூட்டி, குண்டைத் தனியாக வைத்தால் பிள்ளைகள் தப்புவார்கள். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் சாவி தேடுகிற உங்களுக்கு அது இருந்தும் இல்லாததுபோலத்தான். இருட்டில் தெரிகிற உருவம் திருடனா, தாமதமாக வந்த மகனா என்று பார்க்கக் கிடைக்கிற நேரம் ஓரிரண்டு நொடி. இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி பெருகிய அமெரிக்காவில் துப்பாக்கியால் போகிற உயிர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. மனம் உடைந்த ஒரு ராத்திரியில் அது கைக்கெட்டாமல் இருந்திருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் மறுநாளைப் பார்த்திருப்பார்கள்.

ஆள் நடமாட்டத்துக்குத் தானே எரிகிற விளக்குகளை வாசல், கொல்லை, மோட்டார் அறை மூன்றிலும் போடுங்கள். குரைக்கிற நாய் ஒன்று போதும், கடிக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்யுங்கள்: ஒருவர் விசில் ஊதினால் மற்றவர்கள் விளக்கைப் போட்டுக் குரல் கொடுப்பது, ஒருவர் 112க்கு அடிப்பது. யார் அடிப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்யாவிட்டால் எல்லாரும் மற்றவர் அடித்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள். வந்தவன் ஓட வழி விடுங்கள். அவனை மூலையில் மடக்குகிற இடத்தில்தான் கத்திக்குத்து நடக்கிறது. நகை போனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: அந்தக் கிங்கையே சுட்டுத்தானே கொன்றார்கள்? துப்பாக்கி இருந்திருந்தால்? (ஆம்பூர் வாசகர்)

பதில்: 1968 ஏப்ரல் 4, மெம்பிஸ் நகரில் விடுதி மாடத்தில் நின்றவரை, எதிரே இருந்த கட்டடத்திலிருந்து ரைபிளால் சுட்டார்கள். பையில் எத்தனை துப்பாக்கி இருந்தாலும் அந்தக் குண்டைத் தடுத்திருக்காது. அகிம்சை உயிருக்கு உத்தரவாதம் தருவதாக நாங்கள் சொல்லவே மாட்டோம். ஆயுதமும் தருவதில்லை.

கேள்வி: அடித்தாலும் திருப்பி அடிக்காமல் இருப்பதற்குப் 'பயிற்சி' கொடுத்தார்கள் என்று படித்தேன். பொறுத்துக்கொள்வதில் பயிற்சி என்ன வேண்டிக்கிடக்கிறது? (திருநெல்வேலிக் கல்லூரி மாணவி)

பதில்: நிறைய வேண்டியிருக்கிறது, மகளே. கன்னத்தில் அறை விழுந்தால் கை தானாகத் தூக்கும். அதை நிறுத்துவது உபதேசத்தால் ஆகிற காரியமில்லை. உடம்புக்குப் பழக்க வேண்டும். அதை மிகச் சுத்தமாகச் செய்தவர்கள் அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகர மாணவர்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போருக்கான கட்டாய ராணுவச் சேவையை மறுத்துச் சிறை போனவர். பிறகு 1953 முதல் 1956 வரை நம் நாக்பூரில் இருந்து, சத்தியாக்கிரகத்தை அதன் ஊரிலேயே படித்துவிட்டுப் போனார்.

அந்த நகரத்துப் பெரிய கடைகளில் கறுப்பர்கள் சாமான் வாங்கலாம். கடைக்குள் இருக்கிற டிபன் கவுன்டரில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. லாசன் 1959-இல் ஒரு தேவாலயத்தில் வாராவாரம் மாலை வகுப்பு நடத்தினார். பாதிப் பேர் வாடிக்கையாளராக நாற்காலியில் உட்காருவார்கள். மீதிப் பேர் ரவுடிகளாகி, காது கூசும் வசவு வைவார்கள், முகத்தில் சிகரெட் புகை விடுவார்கள், தலையில் எதையாவது கொட்டுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் பேச்சு: எந்த இடத்தில் கோபம் வந்தது, ஏன் வந்தது? அடக்க முடியவில்லை என்பவருக்கு வேறு வேலை உண்டு, கவுன்டருக்கு அனுப்பமாட்டார்கள்.

விழுந்தால் என்ன செய்வது என்பதையும் பழகினார்கள். உடம்பைச் சுருட்டி, முழங்காலை வயிற்றோடு இழுத்து, கைகளால் தலையையும் பிடரியையும் மறைக்க வேண்டும். முடிந்தால் அடிப்பவனின் கண்ணைப் பார்க்க வேண்டும். ஒரே ஆளுக்கு அடி விழுந்துகொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர் நடுவில் புகுந்து, அந்த அடியைத் தானும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் பாடம்தான் மிகக் கடினமானது.

1959 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் சின்னக் குழுக்கள் இரண்டு கடைகளுக்குப் போய்ப் பார்த்தன. உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், மறுத்ததும் மேலாளரிடம் காரணம் விசாரித்துவிட்டு எழுந்து வந்தார்கள். வெறும் நோட்டம் பார்ப்பதுதான். 1960 பிப்ரவரி 13-இல் 124 மாணவர்கள் மூன்று கடைகளுக்குப் போனார்கள். நல்ல உடுப்பு, கையில் பாடப்புத்தகம். முதலில் கடையில் ஏதாவது ஒரு சாமானைக் காசு கொடுத்து வாங்கினார்கள். 'என் காசு செல்லும், நான் செல்லமாட்டேனா?' என்ற கேள்வியை வாயால் கேட்கத் தேவையே இருக்கவில்லை. பிறகு கவுன்டரில் உட்கார்ந்து படித்தார்கள்.

மாணவர்கள் கையில் கொடுத்த விதிச்சீட்டில் பத்தே வரி. திருப்பி அடிக்காதே, வையாதே. சத்தமாகச் சிரிக்காதே. கடை மேற்பார்வையாளரோடு பேச்சுக் கொடுக்காதே. தலைவர் சொல்லாமல் இடத்தைவிட்டு எழாதே. வாசலையும் நடைபாதையையும் மறிக்காதே. எப்போதும் மரியாதையாக இரு. நேராக உட்கார்ந்து கவுன்டரைப் பார். பெரிய சம்பவம் எதுவானாலும் தலைவரிடம் சொல். விவரம் கேட்பவர்களைப் பணிவாகத் தலைவரிடம் அனுப்பு. கடைசி வரி இயேசுவையும் காந்தியையும் கிங்கையும் மனதில் வைக்கச் சொன்னது. சிரிக்காதே என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பதற்றத்தில் வருகிற சிரிப்பை எதிரில் நிற்பவன் கேலி என்று எடுத்துக்கொள்வான்.

பிப்ரவரி 27-இல் ரவுடிகள் உள்ளே வந்து அடித்தார்கள். போலீஸ் பிடித்தது அடித்தவர்களை அல்ல. மாணவர்களில் 81 பேரை. ஒரு வரிசையைக் கைதுசெய்து வேனில் ஏற்றியதும் வெளியே காத்திருந்த அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. நீதிமன்றம் 50 டாலர் அபராதம் விதித்தது; கட்டமாட்டோம் என்று சிறைக்குப் போனார்கள். ஊர்க் கறுப்பர்கள் ஈஸ்டர் நேரத்தில் அந்தக் கடைத்தெருவுக்கே போகாமல் நிறுத்தியதில் வியாபாரம் படுத்தது. ஏப்ரல் 19 விடியற்காலையில் மாணவர்களின் வழக்கறிஞர் வீட்டில் குண்டு வைத்தார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் வாய்பேசாமல் நகரமன்றத்துக்கு நடந்தார்கள். டயான் நாஷ் என்ற மாணவி மேயரைக் கூட்டத்தின் முன் நேருக்கு நேர் கேட்டார்: ஒருவரை நிறத்தைப் பார்த்து ஒதுக்குவது தப்பு என்று நினைக்கிறீர்களா? தப்புதான் என்று மேயர் ஒத்துக்கொண்டார். மே 10-இல் ஆறு கடைகளின் கவுன்டர்கள் திறந்தன.

அந்த விடியற்காலையில் ஒரே ஒருவர் பதிலுக்குக் குண்டு வீசியிருந்தால் மேயரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியிருந்திருக்காது.

கேள்வி: சாதுவான ஜனங்களுக்கு அகிம்சை சரி. வீரம் ரத்தத்தில் உள்ளவர்களுக்கு ஒத்துவருமா? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

பதில்: பழிக்குப் பழி என்பதைக் குலதர்மமாக வைத்திருந்த, இன்றைய பாகிஸ்தான்–ஆப்கானிஸ்தான் எல்லைப்புறத்துப் பட்டாணியர்களைவிட வீரம் பேச யாரால் முடியும்? கான் அப்துல் கஃபார் கான் 1929-இல் 'குதாய் கித்மத்கார்', அதாவது இறைப்பணியாளர், என்ற படையை அவர்களை வைத்தே கட்டினார். சேருகிறவர் வன்முறையும் பழிவாங்கலும் செய்யமாட்டேன் என்றும், நாளுக்கு இரண்டு மணி நேரமாவது பொதுத்தொண்டு செய்வேன் என்றும் சத்தியம் செய்ய வேண்டும். அணிவகுப்பு, சீருடை, பதவிகள் எல்லாம் ராணுவம்போலவே; ஆயுதம் மட்டும் கிடையாது. வெள்ளைத் துணி சீக்கிரம் அழுக்காகிறது என்று செங்கல் நிறத்தில் சாயம் தோய்த்தார்கள். அதனால் 'செஞ்சட்டை' என்று பெயர் வந்தது. 1930 ஏப்ரல் 23-இல் பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆயுதமில்லாத மக்கள் மீது ராணுவம் சுட்டது, மக்கள் கலையவில்லை. அந்த நாட்களில்தான் கார்வால் ரைபிள்ஸ் படையின் சந்திர சிங் கார்வாலியும் அவர் ஆட்களும் சுட மாட்டோம் என்று உத்தரவை மறுத்து, அதற்காக நீண்ட சிறைத்தண்டனை ஏற்றார்கள். எதிரில் கல்லோ கத்தியோ இருந்திருந்தால் அந்தச் சிப்பாய்களுக்கு மறுக்க மனம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: கோழைத்தனத்துக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறீர்கள். (காரைக்குடி வாசகர்)

பதில்: கோழைத்தனம், வன்முறை இரண்டில் ஒன்றுதான் வழி என்றால் வன்முறையைத்தான் சொல்வேன் என்று 1920-இல் காந்தியே எழுதியிருக்கிறார். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்பதைக் காட்டவே அவர் மீதி ஆயுளைச் செலவிட்டார். 1930 மே 21-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் குஜராத்தின் தராசனா உப்பளத்துக்கு வரிசை வரிசையாக நடந்தவர்கள், போலீஸ் தடியடியில் முன் வரிசை மண்டை உடைந்து விழுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடுத்த அடி வைத்தவர்கள். அவர்களைக் கோழை என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

கேள்வி: ஹிட்லரிடம் சத்தியாக்கிரகம் செய்ய முடியுமா? (சேலம் வாசகர்)

பதில்: ஹிட்லரின் படை பிடித்துவைத்திருந்த நார்வேயில் ஆசிரியர்கள் செய்தார்கள். 1942-இல் குவிஸ்லிங்கின் பொம்மை அரசு எல்லா ஆசிரியர்களும் புதிய நாஜிச் சங்கத்தில் சேர வேண்டும் என்றது. பிள்ளைகளை அந்தக் கொள்கையில் வளர்ப்பதுதான் நோக்கம். பெரும்பாலான ஆசிரியர்கள் தனித்தனியாக, ஏறத்தாழ ஒரே வாசகத்தில், சேர முடியாது என்று கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள். பெற்றோர்களின் கண்டனக் கடிதங்கள் அலுவலகத்தில் குவிந்தன. சுமார் 1,100 ஆசிரியர்களைப் பிடித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 500 பேரைக் கப்பலில் அடைத்து, வடகோடியில் உள்ள கிர்கெனெஸில் கடும் உழைப்புக்கு அனுப்பினார்கள். சிலர் அங்கே உயிரையும் விட்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் பணியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. பள்ளிக்கூடங்கள் நாஜிகளின் கைக்குப் போகவில்லை.

இதை வைத்து ஹிட்லரையே அகிம்சையால் கவிழ்த்திருக்கலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கொடுங்கோலனுக்கும் பாடம் நடத்த ஆசிரியர் வேண்டும், ரயில் ஓட்ட ஆள் வேண்டும், கணக்கு எழுத குமாஸ்தா வேண்டும். அவர்கள் சேர்ந்து கையைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் துப்பாக்கி என்ன செய்யும்? பாடம் நடத்தாது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் ஏன் இதை நம்புகிறீர்கள்? (மதுரை வாசகி)

பதில்: மனிதர் தப்புச் செய்கிறவர் என்பதால். ஆளை மாற்றிப் பிடித்துவிட்டோம், கேட்ட சேதி பொய், கோபத்தில் கணக்குத் தப்பியது. இதெல்லாம் நாள்தோறும் நடக்கிறது. மறியல் செய்தது தப்பு என்றால் எழுந்து போகலாம், மன்னிப்புக் கேட்கலாம். குத்தியது தப்பு என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொரு காரணம், யாரெல்லாம் சேர முடியும் என்பது. ஆயுதம் எடுத்த மறுநாள் கிழவிகளும் பிள்ளைகளும் கால் முடியாதவர்களும் அந்தப் போராட்டத்தில் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். கடைக்குப் போகாமல் இருக்கவும், பஸ் ஏறாமல் நடக்கவும் எல்லாராலும் முடியும். எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 பெரும் போராட்டங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். அகிம்சைப் போராட்டங்களில் 53 சதவீதமும் ஆயுதப் போராட்டங்களில் 26 சதவீதமும் வென்றிருந்தன. சேருகிற ஆட்களின் எண்ணிக்கைதான் முக்கிய காரணம் என்றார்கள். அண்மை ஆண்டுகளில் இரண்டுக்குமே வெற்றி குறைந்திருக்கிறது. தெருவில் கூடுவதோடு நின்று, வேலைநிறுத்தம், புறக்கணிப்பு வரை போகாததை செனோவெத் ஒரு காரணமாகக் காட்டுகிறார். எங்களுக்கும் அது சரியென்றே படுகிறது.

கேள்வி: அகிம்சைப் போராட்டம் தோற்றதே இல்லையா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தோற்றிருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில் 1961, 62-இல் கிங் தோற்றார். பஸ் நிலையம், நூலகம், பூங்கா, கவுன்டர் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எதைக் கொடுத்தால் வெற்றி என்று யாருக்கும் தெளிவில்லை. அந்த ஊர்ப் போலீஸ் தலைவர் கெட்டிக்காரர். அகிம்சையைப் பற்றிப் படித்து வைத்துக்கொண்டு, கேமரா முன் தன் ஆட்கள் யாரையும் அடிக்காமல் பார்த்துக்கொண்டார். சுற்று மாவட்டச் சிறைகளில் முன்கூட்டியே இடம் பேசி வைத்ததால், சிறையை நிரப்பலாம் என்ற திட்டமும் வீணானது. அடுத்த ஆண்டு அலபாமாவின் பர்மிங்ஹாமில் இதைத் திருத்திக்கொண்டார்கள். குறி கடைத்தெரு வியாபாரிகள், நேரம் ஈஸ்டர் விற்பனைக்காலம், கேட்டது கைவிரலில் எண்ணக்கூடியது.

இன்றைய உத்தரப் பிரதேசத்துச் சௌரி சௌராவில், காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தின்போது, வேறுவிதமாகத் தவறியது. 1922 பிப்ரவரி 4-இல் ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட, கூட்டம் வெறிகொண்டு காவல் நிலையத்தைக் கொளுத்தியது. உள்ளே 20க்கும் மேற்பட்ட போலீசார் மாண்டார்கள். காந்தி இயக்கத்தையே நிறுத்தினார். பயிற்சி பெற்றவர் கொஞ்சம், கூட்டம் அதிகம் என்றால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். 1930-இல் அவர் தண்டிக்குப் புறப்பட்டபோது உடன் அழைத்துப் போனது ஆசிரமத்தில் பழகிய 78 பேரை மட்டும்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் ஒருவன் ஒரு பெண்ணை அடித்துக்கொண்டிருக்கிறான். நான் ஒல்லியான ஆள். என்ன செய்ய? (விழுப்புரம் வாசகர்)

பதில்: தனியாகப் போகாதீர்கள். பக்கத்தில் நிற்பவரைச் சட்டை நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுங்கள்: "நீலச் சட்டை அண்ணே, நீங்க 112க்கு அடிங்க. அக்கா, நீங்க என்கூட வாங்க." பொதுவாக "யாராவது வாங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள். அவனோடு பேச்சை ஆரம்பிக்காமல் அந்தப் பெண்ணிடம் போங்கள். "ஏம்மா, எந்த ஊரு போகணும்? இங்க வந்து உக்காரு" என்று சாதாரணமாகப் பேசினால் அடிப்பவனின் ஓட்டம் தடைப்படும். அவன் உங்கள் பக்கம் திரும்பினால் இரண்டு கை நீளத்துக்கு விலகி, நேருக்கு நேர் நெஞ்சை நிமிர்த்தாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். உள்ளங்கை தெரியும்படி கை வயிற்று உயரத்தில் இருக்கட்டும். குரலை அவனைவிடத் தாழ்த்துங்கள். யார்மேல் தப்பு என்ற பஞ்சாயத்து அப்போது வேண்டாம். அவன் தோளில் கை வைக்காதீர்கள். சமாதானமாக வைத்த கையையும் அடியாகத்தான் எடுத்துக்கொள்வான். அவன் போக வழியை அடைக்காதீர்கள். கையில் கத்தி தெரிந்தால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு விலகுவது ஒன்றுதான் வேலை. உயிர் போகிற கட்டத்தில் தற்காத்துக்கொள்ளச் சட்டம் உரிமை தருகிறது. அப்படிச் செய்தவரை நாங்கள் குறைசொல்ல மாட்டோம்.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பல மாதமாகக் குடிநீர் சரியாக வரவில்லை. மறியல் செய்யலாம் என்றிருக்கிறோம். எப்படித் தொடங்குவது? (தாம்பரம் பெண்கள் குழு)

பதில்: முதலில் ஒரே கோரிக்கையை ஒரே வரியில் எழுதுங்கள். 'தண்ணீர் வேண்டும்' என்று எழுதாமல், 'ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 6 முதல் 7 வரை' என்பதுபோல எழுதுங்கள். அதற்குச் சரி என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவரிடம் மனு கொடுத்துத் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். கெடு கொடுங்கள். அது தாண்டினால் மறியல் தேதியை அவருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ஒளித்துச் செய்கிற சத்தியாக்கிரகம் கிடையாது.

கூட்டத்தில் பத்துப் பேருக்கு ஒருவரைத் தொண்டராக நிறுத்தி, கையில் துணிப்பட்டை கட்டுங்கள். அவர் கோஷம் போடக்கூடாது. கூட்டத்தைப் பார்ப்பதுதான் அவர் வேலை. குடித்துவிட்டு வருகிறவரையும், 'கண்ணாடியை உடைத்தால்தான் கேட்பான்' என்று தூண்டுகிறவரையும் இரண்டு தொண்டர்கள் பேச்சுக் கொடுத்தபடியே ஓரமாகக் கூட்டிப் போக வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தால் அரை நிமிடத்தில் வழி விடுவதை முந்தின நாளே இரண்டு தடவை பழகிப் பாருங்கள். போலீஸோடு பேச ஒரே ஆள். வீடியோ எடுக்க இருவர், கூட்டத்தின் இரண்டு முனைகளிலும்.

சாப்பாட்டை மறக்காதீர்கள். 1930-இல் ராஜாஜி சுமார் நூறு பேரோடு உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு 150 மைல் நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவருக்குச் சிறை என்று தஞ்சை கலெக்டர் மிரட்டினார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். யாரைப் பிடிப்பது? உங்கள் தெருவிலும் வெயிலில் உட்கார முடியாதவர்கள் இருப்பார்கள். மோர், எலுமிச்சைச் சாறு, குடை, அடுத்த ஷிப்டு ஆட்களின் பெயர்ப்பட்டியல் எல்லாம் அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

கைதாகத் தயாராக இருப்பவர் யார், இருக்க முடியாதவர் யார் என்று முதல் நாள் இரவே தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் வெட்கத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் வேனைப் பார்த்ததும் பதறுவார்கள். கைதாகிறவர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது என்று பெயருக்கு எதிரே பெயர் இருக்க வேண்டும். வக்கீல் நம்பரைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள். போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.